ஈர்ப்பு என்னும் சொல்லின் பொருள்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

     

இன்று யாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் ஈர்ப்பு. 'தமிழாசிரியர்க்கு ஈர்ப்பில் என்ன வேலை? அஃது இயற்பியல் ஆசிரியர் பேச வேண்டிய பொருளாயிற்றே' என்று சிலர் கருதக்கூடும். அவர்க்கு எம் விடை இது: ஈர்ப்பைப் பற்றி மக்களிடையே உலவும் பிழையான எண்ணங்களுட் பெரும்பாலன கணக்கிற் பிறந்தவை அல்ல, சொல்லிற் பிறந்தவை. எடை, ஈர்ப்பு, வளைவு, சார்பு என்னும் நான்கு சொற்களை நாம் நாள்தோறும் வழங்குகின்றோம். வழக்கில் அவற்றிற்கு ஒரு பொருள். ஐன்ஸ்டீன் என்னும் பேரறிஞர் 1915ஆம் ஆண்டில் பெர்லின் நகரில் வெளியிட்ட பொதுச் சார்பியற் கொள்கையில் அவற்றிற்கு வேறொரு பொருள். வழக்குப் பொருளை நூற்பொருளின்மேல் ஏற்றி உரைப்பதனாலேயே குழப்பம் விளைகின்றது. சொல்லின் பொருளை வரையறுத்துக் காட்டுதல் தமிழ் கற்பிப்பார் கடமையாதலின், இந்நான்கு சொற்களையும் ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்வோம்.

இன்னொரு காரணமும் உண்டு. நம் குலத்தார் கையில் தலைமுறை தலைமுறையாகத் தராசும் உரைகல்லும் இருந்து வருகின்றன. நிறுத்தறிதலும் உரைத்தறிதலும் நமக்குப் புதியன அல்ல. இன்றைய பொருளை விளங்கிக்கொள்ள இவ்விரு கருவிகளே நமக்குப் பெருந்துணையாகும்.

எடை

பட்டறையிற் பொன்னை நிறுக்கும் பழைய தராசில் இரு தட்டுகள் உண்டு. ஒரு தட்டிற் பொன்னையும் மறு தட்டில் எடைக்கல்லையும் இடுகின்றோம். முள் நேர்நின்றால் இரண்டும் ஒத்தன என்கின்றோம். இங்கு அறியப்படுவது பொன்னில் அடங்கிய பொருளின் அளவு; அதனை நிறை என்க. வில் தராசு அத்தகையதன்று. தொங்கவிட்ட பொருள் வில்லை எவ்வளவு இழுக்கின்றது என்பதையே அது காட்டும். அதனை எடை என்க. வழக்கில் இவ்விரண்டையும் ஒன்றாகவே சொல்லிவிடுகின்றோம். சோதித்துப் பார்த்தால் வேற்றுமை விளங்கும். பூமத்திய ரேகையில் 1 கிலோகிராம் என்று காட்டுமாறு அமைத்த வில் தராசைத் துருவத்திற்குக் கொண்டுசென்று அதே பொன்னைத் தொங்கவிட்டால், ஏறக்குறைய 5 கிராம் மிகுத்துக் காட்டும். பொன் கூடவில்லை, எடை கூடிற்று. இருதட்டுத் தராசோ ஈரிடத்தும் ஒன்றே காட்டும்; பொன்னின் எடை எவ்வளவு கூடியதோ, அவ்வளவே எடைக்கல்லின் எடையும் கூடுதலான்.

இவ்வேற்றுமையை மனத்திற் கொண்டு, யாவரும் சொல்லும் ஒரு கூற்றை ஆராய்வோம். 'விண்வெளியில் ஈர்ப்பு இல்லை. ஆதலால் அங்குள்ள வீரர்கள் மிதக்கின்றனர்' என்பது அக்கூற்று. பன்னாட்டு விண்வெளி நிலையம் பூமிக்கு மேலே சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றது. பூமியின் நடுவிலிருந்து மேற்பரப்பு ஏறக்குறைய 6,400 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. 6,400 எங்கே, அதனோடு கூட்டிய 400 எங்கே? அவ்வுயரத்திலும் ஈர்ப்பு ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு இருந்தே தீரும். 400 கிலோமீட்டர் உயரமுள்ள ஒரு கோபுரத்தைக் கட்டி, அதன் உச்சியில் 60 கிலோகிராம் நிறையுள்ள ஒருவரை வில் தராசில் நிறுத்தினால், அது 53 என்று காட்டும். அவர் மிதக்கமாட்டார், நம்மைப் போலவே நிற்பார்.

அற்றேல், விண்வெளி நிலையத்தில் உள்ளார் மட்டும் மிதப்பது எங்ஙனம் எனின், அவர்கள் விழுந்துகொண்டிருக்கின்றனர் என்பதே விடை. நிலையமும் விழுகின்றது, அதனுள் இருப்பாரும் விழுகின்றனர். ஒரு நொடிக்கு 7 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் அது பக்கவாட்டிற் செல்லுவதால், விழுந்துகொண்டே பூமியின் உருண்டையைத் தப்பிக்கொண்டே செல்கின்றது. இங்ஙனம் 90 நிமிடத்திற்குச் சற்று மேற்பட்ட நேரத்தில் ஒரு சுற்று முடிகின்றது. கயிறு அறுந்து விழும் லிப்டு ஒன்றினுள் தராசின்மேல் நிற்பாரை எண்ணிப் பாருங்கள். தராசும் விழுகின்றது, அவரும் விழுகின்றார், தராசை அழுத்துவார் எவருமில்லை. முள் சுழியைக் காட்டும்.

இதிலிருந்து ஓர் உண்மை வெளிப்படுகின்றது. பூமி நம்மை இழுப்பதை நாம் ஒருபோதும் உணர்வதில்லை. நாம் எடை என்று உணர்வது தரை நம் உள்ளங்காலை மேல்நோக்கித் தள்ளுவதையே ஆகும். தரையின் தடை நீங்கினால் எடையுணர்ச்சியும் நீங்கும்.

வீழ்ச்சி

'கனமான பொருள் விரைந்து விழும். இலேசான பொருள் மெல்ல விழும்' என்பது இரண்டாவது பிழை. பைசா நகரத்துச் சாய்ந்த கோபுரத்திலிருந்து கலிலியோ குண்டுகளைப் போட்டார் என்னும் கதையை நம் பிள்ளைகள் அறிவர். அது நடந்ததா என்பதில் ஆராய்ச்சியாளர்க்கு ஐயம் உண்டு. ஆயினும், 1638ஆம் ஆண்டில் வெளிவந்த நூலில் அவர் காட்டிய நியாயம் ஐயத்திற்கு இடமற்றது. பெருங்கல் விரைந்து விழும், சிறுகல் மெல்ல விழும் என்றே வைத்துக்கொள்வோம். இரண்டையும் கயிற்றாற் பிணைத்து விட்டால் என்னாகும்? சிறுகல் பின்தங்கிப் பெருங்கல்லைப் பிடித்திழுக்குமாதலின், பெருங்கல் தனியே விழுந்ததினும் மெல்ல விழ வேண்டும். ஆயின் பிணைத்த இரண்டும் சேர்ந்து பெருங்கல்லினும் கனமாதலின், முன்னையினும் விரைந்து விழ வேண்டும். ஒன்றே மெல்லவும் விரைந்தும் விழுதல் கூடாது. ஆகவே எடுத்துக்கொண்ட கொள்கையே பிழை. எல்லாப் பொருளும் ஒரே வகையில் விழும். இறகு தாழ்ப்பது காற்றின் தடையாலேயாம். காற்றில்லாத சந்திரனில் 1971ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் டேவிட் ஸ்காட் என்னும் விண்வெளி வீரர் ஒரு சுத்தியலையும் ஓர் இறகையும் ஒருங்கே விட்டார். இரண்டும் ஒருங்கே தரையைத் தொட்டன.

நியூட்டன் 1687இல் வெளியிட்ட தம் பெருநூலில், பொன், வெள்ளி, ஈயம், கண்ணாடி, மணல், உப்பு, மரம், நீர், கோதுமை என்னும் ஒன்பது பொருள்களை ஊசற் பெட்டிகளில் இட்டு ஆட்டிப் பார்த்ததைக் குறித்துள்ளார். ஆயிரத்தில் ஒரு கூறளவு வேற்றுமை இருந்தாலும் புலப்பட்டிருக்கும், ஒன்றும் புலப்படவில்லை. பொன்னும் கோதுமையும் ஒரே வகையில் ஆடின. பிற்காலத்தில் அங்கேரி நாட்டு எட்வெஷ் என்பார் இதனினும் பன்மடங்கு நுண்மையாகச் சோதித்தார். பிரெஞ்சு நாட்டார் 2016இல் அனுப்பிய மைக்ரோஸ்கோப் என்னும் செயற்கைக்கோளில் பிளாட்டினக் கலவையும் டைட்டேனியக் கலவையும் சோதிக்கப்பட்டன. 2022இல் வெளியான முடிவின்படி, ஆயிரம் லட்சம் கோடியிற் சில கூறுகள் என்னும் நுட்பம் வரையிலும் வேற்றுமை காணப்படவில்லை.

இஃது ஏன் வியப்பிற்குரியது? பத்து மடங்கு பொன்னைப் பூமி பத்து மடங்கு வலிமையோடு இழுக்கின்றது. பத்து மடங்கு பொன் அசைய மறுப்பதும் பத்து மடங்கு. இழுப்பும் மறுப்பும் மிகச் சரியாக ஒத்துப்போவதால் வேகம் ஒன்றாகின்றது. இழுக்கப்படும் தன்மையும் அசைய மறுக்கும் தன்மையும் வேறு வேறான இரண்டு இயல்புகள் ஆயிற்றே. அவை எல்லாப் பொருளிலும் இம்மியும் பிசகாமல் ஒத்திருப்பது ஏன்? ஒத்திருக்கின்றன என்று நியூட்டன் கண்டார். ஏன் என்பதற்கு அவர் நூலிற் காரணம் இல்லை. இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக அது விடையற்ற வினாவாகவே கிடந்தது.

ஈர்ப்பு

நாம் செல்லும் பேருந்து திடீரென நிற்கும்போது எல்லோரும் முன்னே சாய்கின்றோம். பருத்தவரும் மெலிந்தவரும், கூடையிலுள்ள தேங்காயும், ஒரே வகையில் முன்னே செல்கின்றனர். நம்மை முன்னிருந்து இழுத்தார் யார்? எவருமில்லை. வண்டியின் ஓட்டம் மாறிற்று. நம் ஓட்டம் மாறவில்லை. எல்லாப் பொருளையும் அதனதன் நிறைக்கேற்ப ஒரே வகையில் அசைப்பதாகத் தோன்றும் விசை எங்கிருந்தாலும், அதனை இழுப்பார் ஒருவர் உளர் என்று தேடுவதற்கு முன், நாம் நிற்கும் இடத்தின் அசைவை ஆராய வேண்டும்.

1907ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்து நாட்டுப் பெர்ன் நகரத்துக் காப்புரிமை அலுவலகத்திற் பணியாற்றிய ஐன்ஸ்டீனுக்கு இத்தகைய எண்ணமே உதித்தது. கூரையிலிருந்து விழும் ஒருவன் விழும்போது தன் எடையை உணரமாட்டான் என்பதே அது. தம் வாழ்நாளில் தமக்கு மிக்க மகிழ்ச்சியளித்த எண்ணம் இதுவே என்று பிற்காலத்தில் அவர் குறித்தார். எளிய எண்ணந்தான், ஆயின் அதன் விளைவு பெரிது. விழுபவன் தன்னோடு விழும் திறவுகோலைக் கைவிட்டால், அஃது அவன் அருகிலேயே நிற்கும். தன்னைச் சூழ்ந்த சிற்றிடத்தில் ஈர்ப்பு உண்டு என்பதற்கு ஒரு சான்றும் அவனுக்குக் கிட்டாது. ஆகவே விழுபவனே விசை எதற்கும் உட்படாதவன். தரைமேல் நிற்கும் நாமோ இடைவிடாது மேல்நோக்கித் தள்ளப்படுகின்றோம். இக்கண்ணோட்டத்தில், கல் ஏன் விழுகின்றது என்பது வினாவன்று. நாம் ஏன் விழாதிருக்கின்றோம் என்பதே வினா. தரை தடுக்கின்றது என்பதே விடை. பொன்னும் கோதுமையும் ஒருங்கே விழுவதும் இப்போது வியப்பன்று. அவற்றை எதுவும் தொடவில்லையாதலின், அவை வேறுபடக் காரணமில்லை.

ஈர்ப்பு என்னும் சொல்லே நம்மைப் பிழைவழியிற் செலுத்திற்று என்பது இதனாற் புலனாகும். ஈர்த்தல் என்றால் இழுத்தல். இழுத்தல் என்றவுடன் கயிறும் கையும் நினைவிற்கு வருகின்றன. வெற்றிடத்தைக் கடந்து ஒன்று மற்றொன்றைத் தொடாமல் இழுத்தல் அறிவிற்குப் பொருந்தாது என்று நியூட்டனே கருதினார்.

ஈண்டு ஒரு தடை எழும். 'தரை மேல்நோக்கித் தள்ளுகின்றதாயின், இந்தியாவில் நிற்பாரும், பூமியின் மறுபுறத்தில் அமெரிக்காவில் நிற்பாரும் எதிரெதிர்த் திசையிலன்றோ தள்ளப்படுகின்றனர்? அவ்வாறாயின் பூமி பருத்துக்கொண்டே போக வேண்டுமே' என்பது அத்தடை. நல்ல தடை. ஈரிடத்தும் தரை தள்ளுகின்றது, பூமி பருக்கவுமில்லை. இவ்விரண்டும் ஒருங்கே உண்மையாதல் எங்ஙனம்? இதற்கு விடை காண ஐன்ஸ்டீனுக்கு எட்டாண்டுகள் பிடித்தன. அவ்விடையே வளைவு.

வளைவு

இருவர் பூமத்திய ரேகையில் நிற்கின்றனர். ஒருவர் ஆப்பிரிக்காவில் கென்ய நாட்டில். மற்றொருவர் சுமத்திரா தீவில். இருவரும் நேர் வடக்கே புறப்படுகின்றனர். புறப்படும்போது இருவர் வழியும் இணையானவை. இடமோ வலமோ திரும்பாமல் நேரே செல்கின்றனர். ஆயினும் செல்லச் செல்ல இருவரும் நெருங்கி, வட துருவத்திற் சந்திக்கின்றனர். இருவரையும் ஒருவர்பால் ஒருவர் இழுத்த விசை யாது? ஒன்றுமில்லை. அவர்கள் நடந்த பரப்பு தட்டையானதன்று, உருண்டை. பரப்பின் வளைவை அறியாதார், தம்மிடையே ஓர் ஈர்ப்பு உளதென்றே முடிவு கட்டுவர்.

இவ்வாறே, மிக அகன்ற ஓர் அறை பூமியை நோக்கி விழுவதாகக் கொள்வோம். அதன் இரு கோடியிலும் மிதக்கும் இரு கற்கள், ஒவ்வொன்றும் பூமியின் நடுவை நோக்கி விழுவதால், ஒன்றையொன்று சிறிது சிறிதாக நெருங்கும். அறை சிறியதாயின் இது புலப்படாது, பெரியதாயின் மறைக்கவியலாது. விழுவதால் எடை ஒழியும், இவ்வேற்றுமை ஒழியாது. கடலில் ஓதம் ஏறி இறங்குவதும் இவ்வகை வேற்றுமையினாலேயே. இதுவே ஈர்ப்பின் மெய்யான அடையாளம். இடத்தையும் காலத்தையும் ஒன்றாகச் சேர்த்த வெளியைக் காலவெளி என்பர். பூமி, சூரியன் முதலிய நிறைமிக்க பொருள்களால் அக்காலவெளி வளைகின்றது. விழும் பொருள் அவ்வளைந்த வெளியில் இயன்றவரை நேரான வழியிற் செல்கின்றது. பூமி பருக்காமலே தரை ஈரிடத்தும் மேல்நோக்கித் தள்ளுதல் இவ்வளைவினாலேயே இயலும். தட்டையான வெளியாயின் அது கூடாது. வளைந்த வெளிகளை அளக்கும் கணிதத்தை ரீமான் என்னும் ஜெர்மானியக் கணிதப் புலவர் 1854இலேயே வகுத்திருந்தார். 1912இல் தம் நண்பர் கிராஸ்மன் துணையால் அதனைக் கற்ற ஐன்ஸ்டீன், 1915 நவம்பர் 25ஆம் நாள் தம் சமன்பாடுகளை முடிந்த வடிவிற் சமர்ப்பித்தார்.

வளைவைக் காட்டப் பள்ளிகளிலும் திரைக்காட்சிகளிலும் ஒரு ரப்பர் விரிப்பின் நடுவில் கனமான குண்டை வைத்து, குழிவில் கோலிகளை உருட்டுவர். தொடக்கத்திற்கு அது நல்ல பொம்மை. ஆயின் இரண்டு குறைகள் உடையது. குண்டு விரிப்பை அழுத்துவதே பூமியின் ஈர்ப்பால். ஈர்ப்பை விளக்க ஈர்ப்பையே துணைக்கழைத்தல் பொருந்தாது. அன்றியும், அப்பொம்மை இடத்தின் வளைவை மட்டும் காட்டிக் காலத்தை விட்டுவிடுகின்றது. நாம் எறியும் கல் திரும்பி விழுவதற்குத் தலையாய காரணம் காலத்தின் வளைவே.

காலம் வளைதலாவது யாது? பூமிக்கு அண்மையில் உள்ள கடிகாரம் மெல்ல ஓடும். உயரத்தில் உள்ளது விரைந்து ஓடும். இது கடிகாரத்தின் குறையன்று. அவ்வவ்விடத்துக் காலத்தின் இயல்பு. அமெரிக்காவில் 2010இல் இரண்டு நுண்ணிய அணுக்கடிகாரங்களுள் ஒன்றை 33 சென்டிமீட்டர் மட்டும் உயர்த்தி வைத்தனர்; உயர்ந்தது விரைந்தோடியதை அளந்தறிந்தனர். நம் வீட்டு மாடிப்படி இரண்டின் உயரமே அது!

மேல்நோக்கி எறிந்த கல், தன்னோடு ஒரு கடிகாரம் சுமந்து செல்வதாகக் கொள்வோம். உயரே சென்றால் அக்கடிகாரம் விரைந்தோடிக் காலம் மிகும். ஆனால் மிகுந்த வேகத்தோடு சென்றால், 1905இல் ஐன்ஸ்டீன் காட்டியபடி, ஓட்டத்தின் காரணமாகக் காலம் குறையும். மிகுதலும் குறைதலும் ஒன்றையொன்று எதிர்க்க, புறப்பட்ட கணத்திற்கும் திரும்பிய கணத்திற்கும் இடையே மிக அதிகமான காலத்தைத் தரும் வழி எதுவோ, அதுவே கல் செல்லும் வழி. காலவெளியில் நேர்வழி என்பதன் பொருள் இதுவே. 'கல் வில்போல் வளைந்தன்றோ செல்கின்றது? அது நேர்வழியாவது எப்படி?' எனின், 2 நொடியில் திரும்பும் கல் சுமார் 5 மீட்டர் உயர்கின்றது. அந்த 2 நொடியைக் காலவெளியில் அளக்கும்போது, ஒளியின் வேகத்தாற் பெருக்கி, 6 லட்சம் கிலோமீட்டர் நீளமாகக் கொள்ள வேண்டும். 6 லட்சம் கிலோமீட்டர் நீண்ட கோட்டில் 5 மீட்டர் விலக்கம் எத்துணைச் சிறிது என்பதை நீங்களே கருதுங்கள்.

உரைகல்

கொள்கை அழகியது என்பதனால் மட்டும் மெய்யாகிவிடாது. பளபளப்பதெல்லாம் பொன்னென்று நம் முன்னோர் விலை கூறியதில்லை; உரைகல்லில் தேய்த்து மாற்றுப் பார்த்த பின்னரே வாய் திறந்தனர். இக்கொள்கையும் அவ்வாறே உரைக்கப்பட்டது.

முதல் உரை புதன் கோள். அதன் நீள்வட்டப் பாதையே மெல்லத் திரும்புகின்றது. ஏனைய கோள்களால் விளையும் திருப்பத்தைக் கழித்த பின்னும், நூறாண்டிற்கு 43 விநாடிப் பாகை எஞ்சிற்று. ஒரு பாகையை 3,600 கூறாக்கினால் ஒரு கூறு விநாடிப் பாகை எனப்படும். இவ்வெச்சத்தை 1859இல் எடுத்துக்காட்டிய லெவெரியே என்னும் பிரெஞ்சு அறிஞர், கண்ணுக்குப் புலப்படாத வேறொரு கோள் உளதென எண்ணினார். அப்படி ஒன்று கிடைக்கவில்லை. ஐன்ஸ்டீனின் கணக்கு, எதனையும் கூட்டாமல் குறைக்காமல் அந்த 43ஐத் தந்தது.

இரண்டாம் உரை ஒளி. சூரியனை அணுகிச் செல்லும் விண்மீனொளி 1.75 விநாடிப் பாகை வளையும் என்றார் ஐன்ஸ்டீன். பழைய கணக்கின்படி அதிற் பாதியே. 1919 மே 29ஆம் நாள் முழுச் சூரிய கிரகணத்தின்போது, எடிங்டன் தலைமையில் ஒரு குழுவினர் ஆப்பிரிக்காவை அடுத்த பிரின்சிபி தீவிலும், மற்றொரு குழுவினர் பிரேசில் நாட்டுச் சோப்ரால் ஊரிலும் படம்பிடித்து அளந்தனர். அளவுகள் ஐன்ஸ்டீன் பக்கமே நின்றன.

மூன்றாம் உரை நம் சட்டைப் பையிலேயே உள்ளது. கைப்பேசியில் வழிகாட்டும் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் உள்ளன. ஒரு நொடியைப் பத்து லட்சம் கூறாக்கினால், உயரத்தால் நாளொன்றுக்கு 45 கூறு அவற்றின் கடிகாரங்கள் முந்துகின்றன. ஓட்டத்தால் 7 கூறு பிந்துகின்றன. எஞ்சுவது 38 கூறு. இதனைத் திருத்தாமல் விட்டால், ஒரே நாளில் சுமார் 10 கிலோமீட்டர் அளவு பிழை சேரும்.

நான்காம் உரை 2015 செப்டம்பர் 14ஆம் நாள் நிகழ்ந்தது. நூறு கோடி ஆண்டுகளுக்கும் முன்னர் இரண்டு கருந்துளைகள் ஒன்றாய்க் கலந்தபோது காலவெளியில் எழுந்த அலை, அமெரிக்காவில் ஏறக்குறைய 3,000 கிலோமீட்டர் இடைவெளியில் அமைந்த இரண்டு லிகோ நிலையங்களிற் பதிவாயிற்று. 4 கிலோமீட்டர் நீளமுள்ள அவற்றின் கைகள் அப்போது அசைந்த அளவு, புரோட்டான் என்னும் அணுத்துகளின் குறுக்களவில் நூற்றில் ஒரு கூறுக்கும் குறைவு.

கருந்துளை என்றவுடன் அஃது அண்டத்தையெல்லாம் உறிஞ்சும் பூதம் என்று பிள்ளைகள் அஞ்சுகின்றனர். அதுவும் சொல்லால் விளைந்த அச்சமே. நம் சூரியன் இருக்குமிடத்தில் அதே நிறையுள்ள கருந்துளை ஒன்றை வைத்தால், அதன் ஆரம் சுமார் 3 கிலோமீட்டரே ஆகும்; பூமி இன்று சுற்றும் பாதையிலேயே தொடர்ந்து சுற்றும். ஒளி மட்டும் இராது. மிக அணுகிச் சென்றார்க்கே மீட்சியில்லை.

'ஆயின் நியூட்டன் பொய்த்தாரோ?' எனின், அற்றன்று. பட்டறைத் தராசு குன்றிமணி அளவிற்குப் போதும். அணுவை நிறுக்கப் போதாது. போதாமை வேறு, பொய்ம்மை வேறு. நியூட்டனின் கணக்கைக் கொண்டே இன்றும் பாலம் கட்டுகின்றனர்.

சார்பு

இனி நான்காவது சொல். 'ஐன்ஸ்டீன் எல்லாம் சார்பு என்று சொல்லிவிட்டார். ஆதலின் நிலையான உண்மை என்று ஒன்றில்லை. அவரவர்க்கு அவரவர் உண்மை' என்று மேடையிலும் பேசக் கேட்கின்றோம். இது முற்றிலும் தலைகீழான கூற்று. நீளமும் காலமும் அளப்பாரைச் சார்ந்து மாறும் என்றது மெய்யே. ஆயின் அக்கொள்கையின் உயிர்நிலை யாதெனின், நிற்பார்க்கும் ஓடுவார்க்கும் விழுவார்க்கும் இயற்கையின் விதி ஒன்றே என்பதாகும். இவர் நிற்கும் இடம் உயர்ந்தது, அவர் நிற்கும் இடம் தாழ்ந்தது, ஆதலால் இவர்க்கு ஒரு விதி, அவர்க்கு ஒரு விதி என்று இயற்கை வைக்கவில்லை. மாறுவனவற்றைக் கடந்து மாறாததைக் காண்பதே அதன் நோக்கம்.

நம் கடமை

நிறைவாக, யாம் இங்கு வந்ததன் தலையாய நோக்கத்தைச் சொல்லி அமைகின்றோம். அண்மைக் காலத்தில் நம் பிள்ளைகளுக்குக் கைப்பேசி வாயிலாகச் சில செய்திகள் வந்துசேர்கின்றன. ஐன்ஸ்டீன் சொன்னதெல்லாம் நம் பழைய நூல்களில் முன்னரே உண்டு என்பன அவை. பழந்தமிழ் நூல்களைக் கற்பிப்பதையே தொழிலாகக் கொண்ட யாம், அந்நூல்களின்மேல் உள்ள அன்பினாலேயே சொல்கின்றோம்: அவ்வாறு சொல்லற்க.

ஆரியபடர் 499ஆம் ஆண்டளவில் பூமி தன்னைத்தானே சுழல்கின்றது என்று எழுதினார். பாஸ்கராசாரியர் 1150இல் இயற்றிய சித்தாந்த சிரோமணியில் பூமிக்கு ஆகர்ஷண சக்தி உண்டு என்று கூறினார். இவை மெய்யான பெருமைகள். உரைகல்லிற் கோடு விழும் பொன். ஆயின், தொலைவு கூடக் கூட அச்சக்தி எவ்வளவு குறையும் என்னும் கணக்கு அங்கில்லை. காலவெளியின் வளைவும் அங்கில்லை. இல்லாததை உண்டென்பது பொன்னோடு செம்பைக் கலந்து முழு மாற்றென விற்பதாகும். அவ்வாறு விற்ற பட்டறை நிலைப்பதில்லை என்பதை நம் குலத்தார்க்கு யாம் சொல்ல வேண்டுவதில்லை. பொய்ப் பெருமை கலந்தால் மெய்ப் பெருமையையும் பிறர் ஐயுறுவர்.

உண்மையான வழி யாதென அறிய ஒருவர் வரலாறு போதும். சென்னை மாநிலக் கல்லூரியிற் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகர், 1930இல் தம் 19ஆம் வயதில் இங்கிலாந்திற்குக் கப்பலேறினார். எரிந்தடங்கிய விண்மீன் ஒன்று வெண்குறளியாக நிலைபெற வேண்டுமாயின் அதன் நிறைக்கு ஓர் எல்லை உண்டு என்று அக்கப்பற் பயணத்திலேயே கணக்கிட்டார். பின்னர் அவ்வெல்லை சூரியனைப்போற் சுமார் 1.4 மடங்கு எனத் திருத்தமுற்றது. 1935 சனவரியில் இலண்டன் மாநகரத்து வானியற் கழகத்தில் அவர் இதனை எடுத்துரைத்தபோது, எழுந்து மறுத்தவர் யார்? 1919இல் ஐன்ஸ்டீன் கொள்கையை உரைத்துக்காட்டிய அதே எடிங்டன்! அவரோ உலகம் போற்றும் பேரறிஞர். இவரோ அடிமை நாட்டிலிருந்து வந்த 24 வயது இளைஞர். அவையினர் பெரியவர் பக்கம் நின்றனர். ஆயின் விண்மீன்கள் எவர் பட்டத்தையும் கேட்கவில்லை. சந்திரசேகரின் எல்லை நிலைத்தது. 1983இல் நோபெல் பரிசு அவரை வந்தடைந்தது.

உரைகல் கொண்டுவந்தவர் முகத்தைப் பார்ப்பதில்லை. அவர் பிறப்பையும் பார்ப்பதில்லை. கொண்டுவந்த பொன்னையே பார்க்கின்றது. இக்குணத்தை நம் பிள்ளைகள் பெற வேண்டும். மராட்டிய மாநிலத்து ஹிங்கோலி மாவட்டத்தில் லிகோ போன்ற நிலையம் ஒன்று நிறுவ இந்திய அரசு 2023இல் ஒப்புதல் அளித்துள்ளது. நுண்ணிய கருவிகளைச் செய்யும் கை அதற்கு வேண்டும். கணக்கிடும் அறிவும் வேண்டும். கையின் நுட்பம் நம் பிள்ளைகளுக்கு வழிவழி வந்தது. கணக்கறிவைக் கல்வியால் அவர்கள் பெறட்டும். ஆணுக்கு ஒரு விதி, பெண்ணுக்கு ஒரு விதி என்று இயற்கை வைக்காதபோது, நாமும் வைக்க வேண்டா. அறிவியல் கற்க விரும்பும் பெண்மக்களை மேல்வகுப்பிற் சேராமல் நிறுத்திவிடாதீர்கள்.

'ஏன்?' என்று பிள்ளை வினவினால், விடை தெரிந்தால் சொல்லுங்கள். தெரியாவிடின் சேர்ந்து தேடுங்கள். வாயை அடைக்காதீர்கள். பொன்னும் கோதுமையும் ஏன் ஒருங்கே விழுகின்றன என்ற ஒரே வினாவை விடாது பற்றியதனாலன்றோ இத்துணையும் விளங்கிற்று!